சந்திரகலா சிஸ்டர் வேலையை விட்ட காரணம்

சந்திரகலா நர்ஸ் வேலையை விட்டதற்கு வேங்கிக்காலில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உண்மையைச் சொல்ல அவளுக்கே வெட்கம். உட்கார்ந்து வேலை செய்யலாம் என்றுதான் கோயில் பக்கத்து லாட்ஜில் ரிசப்ஷனுக்குப் போனாள்.

அவளோடு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் வெளிநாடு, கல்யாணம், அரசு வேலை என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பதிலுக்கு ஆள் வரவில்லை. அவர்கள் பார்த்த கட்டில்கள் மட்டும் இவள் தலையில் விழுந்தன. தான் இல்லாவிட்டால் வார்டே கவிழ்ந்துவிடும் என்று இவளும் பெருமையாக ஓடினாள். ஒரு நாள் மத்தியானம், ஊசி போடப் போன இடத்தில் பெரியவர் ஒருவரின் கையைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கிவிட்டாள். அவர்தான் எழுப்பினார்.

"நீ வேணா படுத்துக்கம்மா, நான் எழுந்துக்கறேன்."

வார்டே சிரித்தது, அவளும் சிரித்தாள். பிறகுதான் பார்த்தாள், கையிலிருந்த மருந்து பக்கத்துக் கட்டில்காரருடையது. அந்த வாரமே வேலையை விட்டாள்.

லாட்ஜில் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் நெருக்கிய ஒரு நாள், ஆஸ்பத்திரி மேட்ரன் ராஜம்மாள் அவளைத் தேடி வந்தார். இப்படி ஒரு நாள் வரும், அவர் கெஞ்சுவார், தான் கம்பீரமாக மறுக்கலாம் என்று சந்திரகலா வசனம்கூடத் தயாராக வைத்திருந்தாள். நேரில் பார்த்ததும் அதெல்லாம் மறந்து, தன் நாற்காலியையே இழுத்துப் போட்டாள்.

ஆள் கம்மியாகிவிட்டது, திரும்பி வந்துவிடு என்றபடி ராஜம்மாள் செருப்பைக் கழற்றினார். சந்திரகலா குனிந்து, வீங்கியிருந்த அவர் பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அழுத்திய குழி அப்படியே நின்றது.

"டாக்டர்கிட்ட காட்னீங்களா மேடம்?"

"எங்கடி நேரம்? எல்லா வார்டுக்கும் நான் ஒருத்திதான்." கொஞ்சம் தயங்கிவிட்டு ராஜம்மாள் குரலைத் தாழ்த்தினார். "இங்க இன்னொரு ஆள் எடுப்பாங்களா?"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், அறை கேட்டு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சாவிக்கொத்தை மானேஜர் அப்பாதுரையிடம் கொடுத்துவிட்டு, இனி வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் செய்திருந்த அதே ஆஸ்பத்திரிக்கு ராஜம்மாளை ஆட்டோவில் அழைத்துப் போனாள். இருதயத்தைச் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் உடனே சேர்த்துக்கொண்டார். வேலைக்குத் திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்து டாக்டர் சந்திரகலாவிடம் வார்டு நிலவரம் சொல்ல ஆரம்பிக்க, பேஷண்ட்டோடு வந்திருப்பதாகச் சொல்லித் தப்பித்தாள்.

அதற்குள், படுத்த இடத்திலிருந்தே ராஜம்மாள் எதிர்க் கட்டிலில் டிரிப்ஸ் முடிந்துவிட்டதென்று குரல் கொடுத்தார். யாரும் வரவில்லை. சந்திரகலா போய் அதை நிறுத்திவிட்டு, வேறு யாரும் கூப்பிடுவதற்குள் திருடியைப் போல வெளியே நழுவினாள்.