ஒன்பது சொப்ரானோக்களின் முதல் சுரம்

பிப்ரவரி மாதம் பனி தள்ளும் எந்திரத்தின் கைப்பிடி எகிறி என் மேல்வரிசை முன்பற்கள் மூன்றைக் கொண்டுபோனது. ஐம்பத்து நாலு வயதில் ஒருவனுக்குப் பல் போவது பெரிய விஷயமில்லை. ஆனால் நான் லான்சர்ஸ் டிரம் கோர் என்ற அணிவகுப்பு வாத்தியக் குழுவின் முதல் சொப்ரானோ, உச்சச் சுரங்களை ஊதுபவன். அதாவது முப்பத்தைந்து வருஷங்களுக்கு முன்னால் அப்படி இருந்தவன். அந்தப் பதவிக்கு ஓய்வுபெறும் வயது கிடையாது என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் ஊரில் டிரம் கோர் ஆட்களைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். சூப்பர்மார்க்கெட் வாசலில் இரண்டு பேர் சந்தித்துப் பேசிக்கொண்டே நடந்தால், நாலாவது அடியில் கால்கள் ஒன்றாகிவிடும். பில் போடும் வரிசையில் முன்னால் நிற்பவரின் பிடரிக்கு நேராக மூக்கைச் சரிசெய்துகொள்வார்கள். இதெல்லாம் எல்ராய் குபிட்ஸ் செய்த வேலை. பகலில் காகித ஆலையில் ஃபோர்மேன். மாலையில் அதே ஆலையின் கார் நிறுத்தத்தில் எங்களை அரைவட்டமாக நிறுத்தி பியூகிள் என்ற பித்தளைக் கொம்பை ஊதச் சொல்லித்தந்தவர்.

அவர் கத்தமாட்டார். ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கச் சொல்லிவிட்டு அரைவட்டத்தின் உள்பக்கமாக நடப்பார். ஒவ்வொரு பியூகிளின் வாயருகிலும் வலது காதை ஒரு சாண் தூரத்தில் கொண்டுவந்து வைப்பார். சரியாக இருந்தால் நகர்ந்துவிடுவார். இல்லையென்றால் நிற்பார், அவ்வளவுதான். நீதிபதி முன்னால் நான் நின்றிருக்கிறேன், என் முன்னால் எக்ஸ்ரே படத்தைக் கையில் பிடித்தபடி டாக்டர் நின்றிருக்கிறார். அந்தக் காது நின்றதைப் போல எதுவும் என்னைப் பயமுறுத்தியதில்லை.

அவர் அடிக்கடி ஒன்று சொல்வார். "நிச்சயமா வரும்னு தெரியாத சுரத்த ஊதாத. மூச்ச எடு, விரல அழுத்து, ஆனா ஊதாத. இசையில ஓட்டை விழுந்தா நான் பாத்துக்கறேன். பொய்ய என்னால பாத்துக்க முடியாது."

இதை நான் பியூகிளோடு வைத்துக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பேன். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருபத்தாறு வருஷம், நிச்சயமாகத் தெரியாத எதையும் கூட்டங்களில் பேசியதில்லை. எதுவுமே தெரியாமல் பேசியவர்கள் வரிசையாக எனக்கு மேலதிகாரி ஆனார்கள். என்னோடு பழகிக்கொண்டிருந்த கார்லா ஒருமுறை, என்னைப் பிடிச்சிருக்கா இல்லையா என்று நேராகக் கேட்டாள். நிச்சயமானதும் சொல்கிறேன் என்றேன். நிச்சயமாக இருந்த ஒரு பிளம்பரைக் கட்டிக்கொண்டு அவள் கிரீன் பே ஊருக்குப் போய்விட்டாள்.

ஏப்ரலில் டுவேன் ஹாக்பெர்க்கிடமிருந்து கடிதம் வந்தது. அந்தக் காலத்தில் பாரிடோன் என்ற கீழ்ச்சுரக் கொம்பு ஊதியவன். இப்போது கேரேஜ் கதவு விற்கிறான். அது போக, முன்னாள் லான்சர்கள் சங்கத்தின் தலைவர். மன்னிக்கவும், 'நிர்வாக இயக்குநர்'. தலைவர் என்று போட்டுப் போன கடிதங்களை அவன் பிரிப்பதில்லை. ஜூலை முதல் சனிக்கிழமை கார் நிறுத்தத்துக்குக் குபிட்ஸின் பெயர் வைக்கப்போகிறோம், அவரும் வருகிறார் என்று பதினாலு பக்கத்துக்கு நிகழ்ச்சி நிரல் அனுப்பியிருந்தான். ஐந்தாம் பக்கத்தில் என் மரண தண்டனை இருந்தது: 'மாலை 3:07. சொப்ரானோக்கள் ஒன்பது பேர் மட்டும். ஒரே சுரம், உச்சத்தில், மிக மென்மையாக.'

பல் டாக்டர் செய்துதந்த கழற்றி மாட்டும் பல்செட்டோடு வீட்டின் நிலவறையில் ஊதிப் பார்த்தேன். கீழ்ச் சுரங்கள் ஏதோ வந்தன. உச்சத்துக்கு ஏறும்போது பியூகிள் உதட்டை அழுத்த, உதடு பல்செட்டை அழுத்த, செட்டு நழுவி டயரில் காற்று இறங்குவது போல ஒரு சத்தம் வரும். பத்துத் தடவையில் ஒரு தடவை சுரம் வந்தது. அது எந்தத் தடவை என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

டுவேனிடம் சொல்லிவிடலாம்தான். ஆனால் ஊத முடியாதவர்களுக்கு அவன் 'கௌரவ அணி' என்று ஒன்று ஏற்படுத்தியிருந்தான். தோளில் பட்டை போட்டுக்கொண்டு தற்காலிகக் கழிப்பறைகளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அதையும் பொறுத்துக்கொள்வேன். பத்தொன்பது வயதில் எனக்கு முதல் இடத்தைக் கொடுத்தவர் வந்து, அந்த இடத்தில் நான் இல்லாததைப் பார்ப்பார். அதைத்தான் நினைக்க முடியவில்லை. என் வாழ்க்கையில் யாரும் என்னை வேறு எதற்கும் முதலில் நிறுத்தியதில்லை.

ஒத்திகையில் அகப்பட்டுக்கொள்வேன் என்று ஒவ்வொரு ஞாயிறும் வியர்த்துப்போய்த்தான் போனேன். பயப்பட்டிருக்க வேண்டாம். ஒத்திகை முழுக்க டுவேன் தன் பேச்சைத்தான் ஒத்திகை பார்த்தான். மிச்ச நேரத்தில் மேயர் எந்தப் பக்கம் உட்காருவது என்பது முடிவாகும்.

"அந்த ஆரம்பத்த ஒரு தடவ ஊதிப் பாத்துருவோமா?" என்று யாரோ கேட்டதற்கு, "அத நீங்க தூக்கத்துல கூட ஊதுவீங்க" என்றான். சொப்ரானோக்கள் ஒன்பது பேரும் உடனே ஒப்புக்கொண்டோம். அவ்வளவு வேகமாக ஒப்புக்கொண்டது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

எனக்கு வலப்பக்கம் நிற்பவள் மார்லிஸ். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள், வாய் சும்மா இருக்காது. திடலுக்கான வெண்கலப் பெயர்ப்பலகையை டுவேன் திறந்து காட்டிய அன்று அவள்தான் கேட்டாள்.

"'எல்ராய் குபிட்ஸ் நினைவுத் திடல்'னு போட்டிருக்கே. மனுஷன் உசிரோட இருக்காரேப்பா!"

"கமிட்டில விவாதிச்சோம் மார்லிஸ். எண்பத்து நாலு வயசு. ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி செதுக்கிட்டிருக்க முடியுமா?"

"அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"இன்ப அதிர்ச்சியா இருக்கட்டும்னு விட்டுட்டோம்."

அந்தச் சனிக்கிழமை வெயில் தார்த்தரையை இளக்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் அடுப்பில் சாஸேஜ் வெந்துகொண்டிருந்தது. மடக்கு நாற்காலிகளில் இருநூறு பேர். குபிட்ஸை அவருடைய அண்ணன் மகள் வேனில் கூட்டிவந்து இறக்கினாள். நாலு கால் கைத்தாங்கியைத் தள்ளிக்கொண்டு முன்வரிசைக்கு வந்தார். பாதியாகச் சுருங்கியிருந்தார். காதுகள் மட்டும் அதே அளவில் இருந்தன.

"காது சுத்தமா போயிடுச்சாம்" என்று டுவேன் என் காதோடு சொன்னான். ஐந்து மாதத்தில் முதல்முறையாக என் தோள்கள் இறங்கின. கடவுள் இருக்கிறார் என்று நினைத்தேன்.

வேன் பின்னோக்கி நகரத் தொடங்கியது. பீப், பீப் என்று எச்சரிக்கை ஒலி. குபிட்ஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினார். "அந்த வண்டி கால் சுரம் இறங்கி இருக்கு" என்றார்.

என் தோள்கள் மறுபடி ஏறிக்கொண்டன.

அரைவட்டத்தில் நின்றோம். மூன்று மணி ஐந்து நிமிடம்.

"ஏம்ப்பா வெர்லின், மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?" என்றாள் மார்லிஸ்.

"வெயில்."

"வெயில்ல செவக்கும்ப்பா, வெளுக்காது. வாயக்கூடத் திறக்காமப் பேசற."

"ஒண்ணுமில்ல."

"நீ மட்டும் நல்லா ஊதிரு. உன்ன நம்பித்தான் நிக்கறோம்."

பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் நான் முடிவு செய்திருந்தேன். மூச்சை எடுப்பேன், விரலை அழுத்துவேன், ஊதமாட்டேன். எட்டுப் பேர் ஊதுகிறார்கள். ஒரு ஓட்டை தெரியாது. அவரே சொன்னதுதானே, ஓட்டையை அவர் பார்த்துக்கொள்வார்.

டுவேன் மேடையேறிக் கைகளை உயர்த்தினான். ஒன்பது பியூகிள்கள் ஒரே வீச்சில் மேலே போயின. கூட்டத்தில் யாரோ "ஆகா" என்றார்கள். எட்டு எண்ணிக்கைக்கு ஒன்பது மார்புகள் ஒன்றாக விரிந்தன. டுவேனின் கை இறங்கியது.

ஒன்றும் கேட்கவில்லை.

முதல் விநாடியில் நான் நினைத்தது, எனக்குத்தான் காது போய்விட்டது என்று. ஆனால் சாஸேஜ் பொரிவது கேட்டது. கண்ணை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். மார்லிஸின் கன்னம் அசையவில்லை. அவளுக்கு அடுத்தவனுக்கும் அசையவில்லை. ஒன்பது பேரும் பியூகிளை உதட்டில் வைத்துக்கொண்டு, அழகாக, துல்லியமாக, விரலை அழுத்திக்கொண்டு நின்றிருந்தோம்.

யாரும் அசையவுமில்லை. அசைவதற்கு எங்களுக்குச் சொல்லித்தரப்படவில்லை. டுவேனும் நிறுத்தவில்லை, இல்லாத இசைக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். கூட்டத்தினர் வெண்கலப் பலகையைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள். மேயர் எழுந்து தொப்பியைக் கழற்றினார். இருநூறு பேரும் எழுந்தார்கள், தலை குனிந்தார்கள். பின்வரிசையில் ஒரு பெண்மணி மூக்கை உறிஞ்சினாள். அதைப் பார்த்த டுவேன் தாளத்தை மெல்ல நிறுத்தி, எல்லாம் தன் ஏற்பாடு என்பதுபோல் வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

"யாரு செத்தது?" என்று குபிட்ஸ் உரக்கக் கேட்டார்.

அவர் கைத்தாங்கியைப் பிடித்து எழுந்தார். அது தார்த்தரையில் உரசிக்கொண்டு என்னை நோக்கி வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். தலையைச் சாய்த்து வலது காதை என் பியூகிளின் வாயருகில் வைத்தார். காத்திருந்தார்.

"நீ ஏன் ஊதல?"

"பல்லு போயிருச்சு மிஸ்டர் குபிட்ஸ். மூணு. பிப்ரவரில." என் குரல் பத்தொன்பது வயதுக்காரனுடையதாக இருந்தது.

"நீ?"

"உதட்டுல கட்டி எடுத்தாங்க" என்றாள் மார்லிஸ். "இன்னும் மரத்துப்போய்தான் இருக்கு. வெர்லின் ஊதிருவான்னு..."

"நீ?"

"பிரஷர் மாத்திரை மிஸ்டர் குபிட்ஸ். இழுத்துப் பிடிச்சா தல சுத்துது. இவங்க எல்லாம் ஊதறாங்களேன்னு..."

"நீ?"

"குடலிறக்கம்."

ஐந்தாவது ஆள், ஆறடி நாலு அங்குலம், தீயணைப்பு நிலையத்தில் கேப்டன். "எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. பயம்" என்றான்.

மீதி நாலு பேரையும் கேட்டுவிட்டு அவர் என்னிடமே திரும்பி வந்தார்.

"ஒருத்தருக்குக்கூட ஊதணும்னு தோணலயா?"

"நிச்சயமா வரும்னு தெரியல" என்றேன். "தெரியாட்டி ஊதாதன்னு நீங்கதான் சொல்லுவீங்க."

"நானா?" அவர் யோசித்தார். பிறகு அவர் முகம் மாறியது. "அடப்பாவிகளா, அத நான் அவனுக்குல்ல சொன்னேன்!" மேடையில் நின்ற டுவேனைக் காட்டினார். "எதக் குடுத்தாலும் தப்பா ஊதுவான். அதுவும் பக்கத்து ஊருக்குக் கேக்கற மாதிரி ஊதுவான். தனியா சொன்னா அவங்கப்பா சண்டைக்கு வந்துருவாரு, நாம போட்டிக்குப் போற பஸ்ஸெல்லாம் அவரு குடுத்தது. சரின்னு எல்லாருக்கும் பொதுவா சொல்லி வச்சேன். அவன் காதுல ஏறவே இல்ல. நீங்க எடுத்துக்கிட்டீங்களா?"

"முப்பத்தஞ்சு வருஷமா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வருத்தம், சமாதானம், ஏதாவது. இருபத்தாறு வருஷக் கூட்டங்களும் கிரீன் பேயும் வரிசையாக ஞாபகம் வந்தன. எனக்கென்று ஒரு வாக்கியமாவது கிடைக்கும் என்று நின்றேன்.

"பல்லக் கழட்டு" என்றார்.

"மிஸ்டர் குபிட்ஸ்," மேடையிலிருந்து டுவேன் கூப்பிட்டான், "மூணு பதினொண்ணுக்கு மேயர் பேசணும். நிரல்ல ஆறாம் பக்கம்..."

"பேசட்டும். அந்தாண்ட தள்ளிப் போய்ப் பேசச் சொல்லு."

இருநூறு பேர் முன்னால் நான் பல்செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். மார்லிஸ் சிரிப்பை அடக்கியதில் அவளுடைய பியூகிள் ஆடியது. குபிட்ஸ் கைத்தாங்கியிலிருந்து ஒரு கையை எடுத்து உயர்த்தினார். மூச்சு எடுத்தோம்.

அது சுரமில்லை. மரத்துப்போன ஓர் உதடும் பொக்கை வாயும் மற்ற ஏழு பேரின் நோய்களும் பயமும் சேர்ந்து, ஆற்றில் வாத்துக் கூட்டத்தின் மேல் படகு ஏறியது போல ஒரு சத்தம். கூட்டத்தில் ஒரு குழந்தை அழுதது. தலை குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"மறுபடி" என்றார் அவர்.

மறுபடி ஊதினோம். மறுபடி. மேயர் சைகையில் விடைபெற்றுப் போனார். டுவேன் ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து பத்தாம் பக்கத்துக்குப் போய் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டான். சாஸேஜ் கருகும் வாடை வந்தது. நாற்காலிகள் ஒவ்வொன்றாக மடிந்தன. நாலேகாலுக்குள் மற்றவர்களுடைய கணவன், மனைவிகளும், அவருடைய அண்ணன் மகளும், இது எங்கே போய் முடிகிறது என்று பார்க்க நின்ற ஒரு போலீஸ்காரரும்தான் மிச்சம். இடையில் இரண்டு தடவை, பாதி விநாடி, அந்தச் சுரம் வந்தது. யாரிடமிருந்து என்று தெரியவில்லை. நானாக இருக்காது.

குபிட்ஸ் ஒவ்வொருவராகக் கடந்து போனார். காதை வைத்தார், நகர்ந்தார். என்னிடம் வந்ததும் நின்றார். என் உதடு உள்ளே கிழிந்து ரத்தம் பியூகிளின் ஊதுமுனையில் இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் துளியும் நிச்சயமில்லை. அவர் காது ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

ஊதினேன்.

அவர் நகரவில்லை. மூச்சு தீரும்வரை அங்கேயே நின்றார். "ரொம்பக் கீழ இருக்கு" என்றார். பிறகு அண்ணன் மகளைக் கூப்பிட்டு, ஒரு நாற்காலி கொண்டுவந்து அங்கேயே, எனக்கு நேர் முன்னால், போடச் சொன்னார்.