தாடையில் ஒட்டிய கேமரா

லிஃப்ட் பழுது பார்க்கிற அவருக்குக் கம்பெனி ஆட்கள் வைத்த பெயர் டபுள்செக். கதவைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பார். நாலு அடி நடந்து, திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பார். கேஸை மூடியாச்சா என்று மனைவியைக் கேட்பார். அவள் ஆச்சு என்றாலும் நம்பாமல் தானே போய்த் திருகிப் பார்ப்பார். மனுஷன் கல்யாணத்தன்றும் பெண் இவள்தானா என்று ரெண்டு தடவை கேட்டிருப்பார் என்று கூட வேலை செய்பவர்கள் ஓட்டுவார்கள். அப்படிப்பட்டவர் மேல்தான், பார்க்காமல் வண்டி ஓட்டினார் என்று ஒரு பழி வந்தது.

பழி சொன்னவள் பக்கத்துச் சந்தில் குடியிருப்பவள், பேக்கரியில் வேலை செய்பவள். ஏழு வாரத்துக்கு முன் ஒரு சாயங்காலம் அவள் சைக்கிளில் சந்திலிருந்து தெருவுக்குத் திரும்பியபோது அவருடைய பைக் இடித்துவிட்டது. பின்னால் மனைவி உட்கார்ந்திருந்தாள். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்தப் பெண்ணுக்கு முழங்கால் சில்லு நொறுங்கிவிட்டது.

ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன் என்று அவர் போலீஸில் சொன்னார். ஆமாம், அவர் பார்த்ததை நானும் பார்த்தேன் என்று மனைவி எழுதிக் கொடுத்தாள். தெருவில் யாரைக் கேட்டாலும், அவரா, அவர் பார்க்காமல் மூச்சுகூட விடமாட்டாரே என்றார்கள். அந்தப் பெண் மட்டும் கட்டிலில் படுத்தபடி ஒரே பேச்சாக நின்றாள். அவர் தலை திரும்பவே இல்லை, ஹெல்மெட் நேராகப் பார்த்துக்கொண்டே வந்தது என்றாள். யார் காதிலும் ஏறவில்லை. கவனமில்லாமல் வந்துவிட்டு அடுத்தவர் மேல் போடுகிறாள் என்று ஊர் வாய் பேசியது. பேக்கரிக்காரர் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமை ரெண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்து வழக்கை முடிப்பதாகப் போலீஸ் அதிகாரி சொல்லியிருந்தார்.

அவருக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. தான் எப்படி ஓட்டுகிறோம் என்பதை ஒரு வாரம் படம் பிடித்து அந்த அதிகாரி மேஜையிலேயே போட்டுவிடுவது என்று கிளம்பினார்.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்த கேமராவின் விலையில் பழைய வண்டி ஒன்றே வாங்கிவிடலாம். ஆளை விடுங்க என்று சொல்லி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்த மலிவான ஒன்றைக் காட்டச் சொன்னார். கடைக்காரர் நியாயஸ்தர். இது படம் நல்லா எடுக்கும், ஆனால் ஆட்டத்தைத் தாங்காது, ஹேண்டில்பாரில் மாட்டினால் எஞ்சின் நடுக்கத்தில் தெருவே கூழாகத் தெரியும் என்றார். ஹெல்மெட்டின் தாடையில் ஒட்டுங்கள், கழுத்து பாதி ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும், தலை போகிற பக்கமெல்லாம் கேமராவும் பார்க்கும் என்றார். அந்தக் கடைசி வார்த்தை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இதைத்தானே அவரும் நிரூபிக்க நினைத்தார்!

தாடையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார், உலர்ந்ததும் மறுபடி துடைத்தார். ஒட்டிய பிறகு ஒரு நாள் தொடாதீர்கள் என்று அட்டையில் போட்டிருந்தது; இவர் ரெண்டு நாள் தொடவில்லை. கழன்று விழுந்தாலும் போய்விடாதபடி மெல்லிய கயிறு ஒன்றையும் கட்டினார். பிறகு ஆறு நாள், வேலை முடிந்து வீடு திரும்பும் அரை மணி நேரத்தை விடாமல் பதிந்தார்.

ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கேமராவின் மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டு, அதிகாரிக்குக் காட்ட எது நல்லது என்று பொறுக்க உட்கார்ந்தார்கள். மனைவிக்கே பெருமையாக இருந்தது. ஒவ்வொரு முனையிலும் படம் இடது பக்கம் போய், வலது பக்கம் போய், மறுபடியும் இடது பக்கம் போனது. இப்படி ஆட்டினால் கழுத்து சுளுக்காதா என்று கேலி செய்தாள். பெட்ரோல் பங்க் வந்தது, மருந்துக்கடை வந்தது, அவர்கள் தெரு வந்தது. தெருவில் சந்து வந்தது. படம் திரும்பவில்லை.

அவர் பின்னால் தள்ளி மறுபடி ஓட்டினார். சந்தின் வாய் ஓரமாக வந்து ஓரமாகவே போனது. படத்தின் நடுவில் தூரத்தில் அவர்கள் வீட்டுக் கேட் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. செவ்வாய்க்கிழமையைப் போட்டார். புதன். வியாழன். ஆறு நாளும் அதே கதைதான். ஊரெல்லாம் ரெண்டு தடவை பார்க்கிற தலை, பத்தொன்பது வருஷமாகப் போய் வருகிற தன் தெருவில் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. வீட்டைக் கண்டதும் அது வீட்டுக்குள் போய்விட்டிருந்தது.

"அன்னைக்கு நான் திரும்பிப் பார்த்ததை நீ பார்த்தியா?"

மனைவி முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"நீங்க பார்க்காம இருப்பீங்களா? அப்படித்தான் நினைச்சேன்."

"அதைக் கேக்கல."

"உங்க முதுகுல சாய்ஞ்சு கண்ணை மூடிட்டிருந்தேன். இடிச்ச சத்தத்துலதான் முழிச்சேன்."

நான் பொய் சொன்னேனா என்று அவர் தன்னையே கேட்டுப் பார்த்தார். சத்தியமாக இல்லை. எப்போதும் பார்க்கிறவன் அன்றைக்கும் பார்த்திருப்பான் என்று மனசு எழுதி வைத்துக்கொண்டது, அவர் அதை வாசித்தார், அவ்வளவுதான். ஆனால் அந்த முழங்காலுக்கு இந்த விளக்கமெல்லாம் எதற்கு ஆகும்?

மனைவி எழுந்து கார்டை உருவிக் கேமராவில் திரும்பப் போட்டாள். பொத்தானை அழுத்தி, சுவரைப் பார்க்க மேஜைமேல் வைத்தாள். சிவப்பு விளக்கு மினுக்கியது. கார்டு நிறைந்தால் பழைய படத்தின் மேலேயே புதியதை எழுதிக்கொள்ளும் என்று அவர்தான் அவளுக்கு விளக்கியிருந்தார். நாலு மணி நேரம் சுவரைப் படம் பிடித்தால் ஆறு நாளும் போய்விடும். கம்ப்யூட்டரில் எதையும் சேர்த்து வைக்கவில்லை.

"நாம எதையும் அழிக்கல. அதுவா அழிஞ்சா நாம என்ன பண்ண முடியும்?" என்றாள் சன்னமாக.

அவர் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க மனசு வரவில்லை என்பதுதான் உண்மை. லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டால் தினம் ஏழெட்டுக் கட்டடம் ஏறி இறங்குகிற பிழைப்பு என்னாவது? ஊர் முகத்தில் எப்படி முழிப்பது? பத்து நிமிஷம் இப்படியே போயிற்று. பிறகு, அந்தப் பெண் ஏழு வாரமாக ஒரே வார்த்தையைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு கிடப்பாளே என்று தோன்றியது. எழுந்து கேமராவை அணைத்து, கார்டை உருவிக்கொண்டார்.

"டூல் பையைத் தூக்கிக்கிட்டு நடந்தா போவீங்க?" என்று மனைவி அழுதாள். அவர் செருப்பை மாட்டினார். தெருவில் பாதி தூரம் போனபின் பின்னால் காலடி கேட்டது. முகத்தைக்கூடக் கழுவாமல் அவளும் வந்துகொண்டிருந்தாள்.

சந்து வீட்டின் கதவு திறந்தே இருந்தது. அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஸ்டூல்மேல் நீட்டியிருந்தாள். இவர்களைக் கண்டதும் சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நிமிர்ந்தாள். அவர் வழியெல்லாம் பேச்சைக் கோர்த்துக்கொண்டு வந்திருந்தார். மனைவிதான் முந்திக்கொண்டாள்.

"நான் எதையும் பார்க்கலம்மா. கண்ணை மூடிட்டிருந்தேன். பார்த்தேன்னு எழுதிக் குடுத்தது பொய்."

"நான் திரும்பிப் பார்க்கல. ஒரு நாளும் இந்தச் சந்துல திரும்பிப் பார்க்கறதில்ல. படம் இருக்கு, நாளைக்கு நானே அதிகாரிகிட்ட காட்டுறேன்" என்றார் அவர், கார்டை நீட்டியபடி.

கத்துவாள், வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கார்டைக் கையில் வாங்கவில்லை. பக்கத்து மேஜையில் கிடந்த ஒரு தாளை எடுத்து அவரிடம் கொடுத்தாள். விசாரணைக்கு அவள் எழுதி வைத்திருந்த வாக்குமூலம். நான்தான் பார்க்காமல் வந்தேன், தவறு என்னுடையது என்று ரெண்டே வரி. கீழே கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

"எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு அண்ணா," என்றாள். "இப்பல்லாம் கண்ணை மூடினா, நீங்க திரும்பிப் பார்க்கற மாதிரிதான் தெரியுது."