பிந்தி வார்த்த தண்ணீர்

கனடாவிலிருந்து வந்து இறங்கிய செல்வநாயகம் மாமாவின் நெஞ்சில் ஒரு பாரம் இருந்ததாம். தங்கச்சி மகள் யதுர்ஷிகா பெரியபிள்ளையானபோது தாய்மாமனான தான் தண்ணி வார்க்கவில்லையே என்ற பாரம். அவள் பெரியபிள்ளையானது போரின் கடைசி நாட்களில், மாத்தளனில், பங்கருக்குள், பன்னிரண்டு வயதில். குடிக்கவே தண்ணீர் இல்லாத இடத்தில் தலைக்கு எதை வார்ப்பது? இப்போது தண்ணீருக்குக் குறைவில்லை. வீட்டுக்குப் பின்னால் இரணைமடு வாய்க்கால் ஓடுகிறது. அவளுக்கும் இருபத்தெட்டு வயதாகிவிட்டது. பட்டதாரி. அதையெல்லாம் மாமா ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. விட்டுப்போன அந்தச் சடங்கை, சாமத்தியவீட்டை, செய்யாமல் விமானம் ஏறமாட்டேன் என்று கதிரையில் சாய்ந்துவிட்டார்.

"கிழவிக்குச் சாமத்தியவீடோ? ஊர் சிரிக்கும், அம்மா."

"மாமா ஆசைப்படுறார், பிள்ளை. கொப்பர் போனாப்பிறகு எங்களைப் பாத்தது ஆர்?" என்றாள் அம்மா இராசேஸ்வரி.

யதுர்ஷிகாவின் கவலை வேறு. மட்டக்களப்பில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை அங்கே போய் நிற்காவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். "குமர்ப்பிள்ளையைத் தனிய விடேலாது, மாமா வந்து சொல்லட்டும்" என்று அம்மா இழுத்துக்கொண்டே இருந்தாள். தம்பி கிருசாந்தன் மீசை அரும்புமுன்னே கொழும்புக்கு வேலைக்குப் போனபோது எந்த மாமாவும் வந்து சொல்லவேண்டியிருக்கவில்லை. செல் விழுந்த நாட்களில் அதே தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடியவள் இவள். அப்போது, "நீ பெரிய ஆள், தம்பியைப் பார்" என்றார்கள். இப்போது பஸ் ஏற வயது காணாதாம்.

"சரி, சடங்குக்கு இருக்கிறன். ஆனா என்னை வேலைக்கு விடவேணும்."

மாமா சிரித்தார். "முதல் இது முடியட்டும். பிறகு கதைப்பம்."

அவருடைய 'பிறகு' ஒருநாளும் வராது என்பது அவளுக்குத் தெரியும்.

சடங்கன்று காலை வீடியோக்கார நிருஷன் ட்ரோனோடு வந்து சேர்ந்தான். அவளைவிட இளையவன். இளஞ்சிவப்புக் கரடிப்பொம்மை ஒன்றை அவள் கையில் திணித்தான்.

"அக்கா, முதல் பொம்மையோட விளையாடுங்கோ. பிறகு, பெரியபிள்ளை ஆகிட்டியள் எண்டு காட்ட, அதை எறிஞ்சுபோட்டு வெக்கப்படுங்கோ. எல்லாருக்கும் இப்பிடித்தான் எடுக்கிறனான்."

"வெக்கம் வராட்டி?"

"நிலத்தைப் பாருங்கோ. மிச்சத்தைப் பாட்டுப் போட்டுச் சமாளிப்பன்."

ஐந்தாறு இடப்பெயர்வுகளுக்குப் பிறகு கைக்கு வந்த முதல் பொம்மை. அதையும் எறியச் சொல்கிறான்.

முற்றத்துப் பந்தலில் அவளைப் பலகையில் இருத்தினார்கள். சாத்திரியார் குறித்த நல்லநேரம் முடியப்போகிறது என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். மாமா பாலும் அறுகம்புல்லும் அவள் தலையில் வைக்கக் கையை நீட்டினார். அவள் தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"மாமா, திங்கட்கிழமை நான் மட்டக்களப்புக்குப் போகவேணும். ஓமெண்டு சொல்லுங்கோ."

"இப்பவோ உந்தக் கதை? தலையைக் குனி."

"சொன்னாத்தான் குனிவன்."

"எடியே, சனம் பாக்குது!" என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

மாமாவோடு வந்திருந்த மாமி முகத்தைச் சுளித்தாள். "என்ன இது, சின்னப்பிள்ளையள் மாதிரி அடம்பிடிச்சுக்கொண்டு?"

"ஓம் மாமி. சின்னனில அடம்பிடிக்க எனக்கு நேரம் கிடைக்கேல்லை."

பந்தலில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. மேலே ட்ரோன் இரைந்தது. மாமாவின் விரலிடுக்கால் பால் வழிந்து பட்டு வேட்டியில் சொட்டியது. பங்கருக்குள் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று பதறாத மனிதர், நல்லநேரம் தவறப்போகிறது என்று இப்போது வியர்த்துக்கொட்டினார்.

"சரி, போய்த் துலை! ஓம்!"

"கமராவைப் பாத்துச் சொல்லுங்கோ, மாமா. கனடாவில எல்லாரும் பாப்பினம்."

அவர் கமராவைப் பார்த்துச் சொன்னார். அவள் குனிந்தாள். செம்புத் தண்ணீர் சில்லென்று முதுகால் இறங்கியது.

நிருஷன் கிட்ட வந்து குசுகுசுத்தான். "அக்கா, வீடியோவில அந்தத் துண்டை வெட்டிப்போடவோ?"

"கரடியை வெட்டு. மாமா ஓமெண்டது இருக்கட்டும்."

ஈரச்சேலையோடு எழும்பி உள்ளே நடந்தாள்.

"எங்கையடி போறாய்? இனித்தான் சோடிச்சு மணவறைக்குக் கொண்டுவரவேணும்!" என்று அம்மா பின்னால் ஓடிவந்தாள்.

"வாறன் அம்மா. முதல் பெட்டியை அடுக்கிப்போட்டு வாறன்."