அண்டாக்காரியும் வடக்கு வாயில்காரரும்

பெயிண்ட் கடையில் அவனை எல்லோரும் 'கலர்' என்றுதான் கூப்பிடுவார்கள். சுவரிலிருந்து பெயர்ந்த காரைத் துண்டை ஒருவர் கொண்டுவந்து நீட்டி "இதே நிறம் வேணும்" என்றால், இயந்திரம் சொல்லும் அளவுப்படி கலந்துவிட்டு, அதற்கு மேல் தன் பங்குக்கு ஒரு சொட்டுக் கறுப்போ மஞ்சளோ விடுவான். பிறகு டப்பாவைக் குலுக்கி, மூடியைத் திறந்து முகர்ந்தும் பார்ப்பான். பெயிண்டை முகர்ந்தால் என்ன தெரியும் என்று கேட்டால், அண்டாக்காரி அப்படித்தான் செய்வாள், அவ்வளவுதான்.

அண்டாக்காரி என்பவள் ஒரு ஜப்பானிய வீடியோ கேமின் நாயகி. ரசவாதம் பழகும் பெண். காட்டில் புல், கூழாங்கல், தேனடை என்று கிடைத்ததையெல்லாம் பொறுக்கிவந்து, தன்னைவிட உயரமான துடுப்பால் ஒரு பெரிய அண்டாவைக் கிண்டுவாள். ரசவாதம் என்றதும் தங்கம் செய்வாள் என்று நினைக்க வேண்டாம். செருப்பு தைப்பவருக்கு நல்ல பசை, கிணற்றடிக்கு அணையாத விளக்கு, இருமலுக்கு ஒரு கஷாயம், இவைதான் அவள் செய்வது. உலகத்தைக் காப்பாற்றும் வேலையெல்லாம் அவளிடம் யாரும் கொடுக்கவில்லை. கலருக்கு அந்த ஆட்டத்தின் மேல் உயிர் என்றால் அதற்கு இதுதான் காரணம்.

சிறுவயதில் மதிற்சுவரிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு, ஒரு விடுமுறை முழுக்க மாவுக்கட்டோடு கிடந்தவன் அவன். அப்போது அப்பா ஒரு பழைய சாமான் கடையில் கேம் பெட்டியையும் அந்த ஆட்டத்தையும் வாங்கி வந்தார். எழுத்தெல்லாம் ஜப்பான்காரன் எழுத்து. அவன் முகத்தைத் தொங்கப் போட்டான். அவன் அக்காதான் ஆட்டத்தோடு வந்த கையேட்டைப் புரட்டிவிட்டு, "எனக்குப் படிக்கத் தெரியும்டா" என்றாள். எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. அந்த வயதில் அக்காவுக்குத் தெரியாதது எதுவும் இருந்ததில்லை.

"மேல என்ன போட்டிருக்கு?"

"அண்டாக்காரின்னு போட்டிருக்கு."

அன்றிலிருந்து அக்கா படிக்கப் படிக்கத் தம்பி ஆடினான். அண்டா வெடித்து எல்லாம் சாம்பலானால் அண்டாக்காரி சொல்வாள்: "கரிய வழிச்சுப் போடு, அண்டா இன்னும் சூடாத்தான் இருக்கு." ஊரின் வடக்கு வாயிலில் ஈட்டியோடு நிற்கும் மீசைக்காரர், அவள் காட்டுக்குக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் சொல்வார்: "போயிட்டு வாம்மா. நீ வர்ற வரைக்கும் நான் கதவச் சாத்த மாட்டேன்." மாவுக்கட்டுக்குள் கால் அரிக்கும்போதெல்லாம் தம்பி அந்த வாயிலுக்குப் போய் நிற்பான். அவர் சொல்வதை ஒரு தடவை கேட்டால் போதும், அரிப்பு தாங்கும்.

வளர்ந்த பிறகு சில விஷயங்களை நாம் மறுபடி எடுத்துப் பார்ப்பதே இல்லை. அக்கா கையேட்டைப் பார்த்து ஏதோ தெரிந்துதான் படித்தாள் என்று அவன் பாட்டுக்கு இருந்தான். நிறம் தப்பி ஒரு வாளி வீணானால் கடையில் உரக்கவே சொல்வான், கரியை வழித்துப் போடச் சொல்லி. கடைக்காரருக்கு அது என்னவென்று கடைசிவரை விளங்கவில்லை.

வம்பு இணையத்தில்தான் வந்தது. அந்த ஆட்டத்தின் ரசிகர்களுக்கு ஒரு குழு உண்டு. புதுப் பொலிவோடு, நமக்குப் புரிகிற எழுத்தோடு அது மறுபடி வெளிவரப்போகிறது என்று அங்கே ஒரே கொண்டாட்டம். கலர் தலைகால் புரியாமல் உட்கார்ந்து நீளமாக ஒரு பாராட்டு எழுதினான். உலகத்திலேயே நல்ல மனிதர் அந்த வடக்கு வாயில்காரர்தான் என்று முடித்து, அவர் வசனத்தையும் போட்டான்.

ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவர் கீழே எழுதினார்: "நண்பரே, எந்த ஆட்டத்தைச் சொல்கிறீர்கள்? அந்தக் காவலாளிக்கு மொத்தமே ஒரு வரிதான்." அதன் கீழே சிரிப்பு முகங்கள் வரிசைகட்டி நின்றன. இவன் விடுவானா? அக்கா படித்ததை அட்சரம் பிசகாமல் எடுத்துப் போட்டுச் சண்டைக்கு நின்றான். எவ்வளவுக்கு நின்றானோ அவ்வளவுக்குச் சிரித்தார்கள்.

ஆட்டம் வந்த அன்றே வாங்கினான். நேரே வடக்கு வாயிலுக்குப் போனான். அதே மீசை, அதே ஈட்டி. பொத்தானை அழுத்தினான்.

'வடக்கே செல்ல அனுமதிச் சீட்டு தேவை.'

இன்னொரு தடவை அழுத்தினான். மறுபடியும் சீட்டுதான். வேண்டுமென்றே அண்டாவை வெடிக்க வைத்தான். 'தோல்வி. சாம்பல் கிடைத்தது.' அண்டாக்காரி வாயே திறக்கவில்லை. கலர் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை வருஷம் அக்கா அவன் காதில் பூச்சுற்றியிருக்கிறாள்! கோபமாக வந்தது. வீடே காலியானதுபோல ஒரு துக்கமும் வந்தது. ஃபோனை எடுத்து அக்காவை ஒரு பிடி பிடிக்கலாம் என்று எண்ணை அழுத்தப் போகையில், அதே ஃபோன் மணியடித்தது.

அக்காவின் கணவர். "மாப்ள, அக்காவுக்குக் கண்ணுல திரை மாதிரி விழுதுன்னு சொன்னா. விழித்திரை பிரிஞ்சிருக்காம். உடனே ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க."

எந்தக் கண் என்றுதான் முதலில் கேட்டான். அக்காவுக்கு ஒரு கண் பிறவியிலேயே மங்கல். அதில் ஆள் தெரியும், எழுத்து தெரியாது. உழைத்ததெல்லாம் மற்றக் கண்தான். அந்தக் கண்ணை வைத்துத்தான் அவள் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் பேர் எடுத்திருந்தாள். பக்கத்துப் பல்லோடு வித்தியாசமே தெரியாமல் நிறம் சேர்ப்பாள். இப்போது பிரிந்தது அந்தக் கண்.

அறுவை சிகிச்சை முடிந்தது. கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை வைத்திருப்பதாகவும், அது விழித்திரையை அழுத்திப் பிடித்தால்தான் ஒட்டும் என்றும், அதனால் டாக்டர் சொல்லும்வரை இரவும் பகலும் குப்புறவே கிடக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். நிமிர்ந்தால் குமிழி நகர்ந்துவிடும்.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று தெரியும். சாப்பிடும்போதே இரண்டு தடவை எழுந்து அடுப்பைத் துடைக்கிறவள். நடுவில் வட்டமாகக் குடைந்த தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கட்டிலிலிருந்து ஆட்சி நடத்தினாள்.

"குக்கர் சத்தம் வரலியே, என்ன ஆச்சு? இருங்க, நானே வரேன்."

"நீ எந்திரிச்சா நான் வீட்ட விட்டே போயிடுவேன்" என்று மாமா சமையலறையிலிருந்து கத்துவார். அவர் பேருந்து ஓட்டுபவர். வேலைக்குப் போயே ஆக வேண்டும். பகல் காவலுக்குக் கலர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தான்.

முதல் நாளே தோற்றான். தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கட்டுப்போட்ட கண்ணோடு, சுவரைப் பார்த்தபடி.

"அக்கா! படு!"

"படுத்து மட்டும் என்ன ஆகப்போகுது? ஒட்டலன்னா? நாளைக்கு நான் எதை வச்சுப் பல்லு கட்றது?" அக்கா அழுது அவன் பார்த்ததே இல்லை. அழவும் கூடாதே என்று அவனுக்குப் பதறியது.

அவளைப் பிடித்துப் படுக்க வைத்தான். மறுநாள் கேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் அறை டிவியில் மாட்டினான். அந்தப் பழைய இசை எழுந்ததும், தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"டேய், அண்டாக்காரியா?"

"அவளேதான். புதுசா வந்திருக்கு."

"புதுசுல எழுத்தெல்லாம் நமக்குப் புரியற மாதிரி வந்திருக்காமே?" என்று கேட்டாள். போலீஸ் வந்து வீட்டு வாசலில் நிற்கும்போது கேட்கிற குரல் அது.

ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்று வைத்திருந்த கேள்விகள் எல்லாம் அவன் நாக்கு நுனியில்தான் இருந்தன. கலர் அவள் பின்னந்தலையைப் பார்த்தான். படுக்கையில் கசங்கிக் கிடந்த பின்னலைப் பார்த்தான்.

"வந்திருக்கு. நீ அப்பப் படிச்சதுதான். ஒரு எழுத்து மாறல."

அவள் முதுகு குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"ஆடாதக்கா, குமிழி நகரும்!"

"சரி சரி. படி."

படித்தான். அண்டா வெடித்தபோது திரையில் சாம்பல் கிடைத்ததாக வந்தது. அவன் கரியை வழித்துப் போட்டு, அண்டா சூடாக இருப்பதைச் சொன்னான். வடக்கு வாயிலில் திரை அனுமதிச் சீட்டு கேட்டது. மீசைக்காரர் கதவைச் சாத்த மாட்டேன் என்றார்.

"அப்புறம் என்ன சொல்றார்?" என்றாள் அக்கா.

கலர் திகைத்தான். அக்கா சொன்னதையெல்லாம் சொல்லி முடித்தாகிவிட்டது. இனிமேல் அவனே சொல்ல வேண்டும். தம்பி இப்படித்தானே ஓயாமல் கேட்டிருப்பான், அவளும் இப்படித்தானே ஒவ்வொரு தடவையும் விழித்திருப்பாள் என்று அப்போதுதான் உறைத்தது. அவளும் அன்றைக்குச் சின்னப் பெண்தான். விளையாடப் போகாமல் உட்கார்ந்து, ஒரு விடுமுறை முழுக்கக் கயிறு திரித்திருக்கிறாள்.

"அவர் வந்து... மழை வர்ற மாதிரி இருக்குன்னு சொல்றார். குடை கொண்டுபோகச் சொல்றார்."

"குடையா? அந்தக் காலத்துல ஏதுடா குடை?"

"போட்டிருக்குக்கா. நான் என்ன பண்ண?"

"போட்டிருந்தா சரி."

பொய் சொல்வதில் அவன் மட்டம். ஆனாலும் நாளாக நாளாகக் கைவந்தது. வாயில்காரருக்கு ஒரு மனைவி வந்தாள். அவள் அவரையே அதட்டினாள். அடுத்து என்ன ஆயிற்று என்று கேட்பதற்காகவே அக்கா அசையாமல் கிடந்தாள். மாமா வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமல் நின்று கேட்டுவிட்டு, "இந்த மீசைக்காரனுக்குச் சம்பளம் எவ்வளவு?" என்பார்.

டாக்டர் நிமிரலாம் என்றார். ஆனால் குமிழி கரையக் கரையத்தான் பார்வை தெரியும், எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். வாரங்கள் ஓடின. அக்காவின் கண்ணில் தண்ணீர் மட்டம்போல ஒரு கோடு ஆடியது. எதிரில் இருப்பதெல்லாம் குளத்துக்குள் கிடப்பதாகத் தெரிந்தது. தெரிகிறதா என்று யாரும் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தாள்.

கலர் வேலைக்குத் திரும்பிய பிறகும் விடுமுறை தோறும் வந்தான். ஆட்டம் முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது. கடைசிக் கலவைக்கான பூ வடக்குக் காட்டில் இருந்தது. அண்டாக்காரி கடைசி முறையாக வாயிலுக்கு வந்தாள். கலர் வாயைத் திறந்தான்.

"இரு," என்றாள் அக்கா. "இன்னிக்கு நான் படிக்கிறேன்."

மங்கல் கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். மற்றக் கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மாமா கையில் கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றார்.

"போயிட்டு வாம்மா," என்று நிதானமாகப் படித்தாள் அக்கா. "நீ வர்ற வரைக்கும் நான் கதவச் சாத்த மாட்டேன்."

திரையில் இருப்பது அதுவல்ல. அப்படியானால் அவளுக்குத் தெரியவில்லை. பழைய நினைவிலிருந்துதான் சொல்கிறாள். மாமாவின் பக்கம் திரும்பக்கூட அவனுக்குத் தைரியம் வரவில்லை.

அக்கா இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்குக் கீழ, வடக்கே போக அனுமதிச் சீட்டு வேணும்னு என்னமோ பொடி எழுத்துல போட்டிருக்கான்," என்றாள். "அது வேற யாருக்கோடா. நீ போ."