வரேன் என்று ஒரு சொல்

ஒரே ஒரு சொல்லைச் சொல்லித்தருவது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. அதுவும் ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி கத்திப் பேசிய மனுஷனுக்கு.

என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்டது. கால் கொஞ்சம் தேறியது. பேச்சு மொத்தமாகப் போய்விட்டது. மற்றவர்கள் பேசுவதும் பாதிதான் புரிந்தது.

ஏரியில் நல்ல இடங்களில் யார் எந்த நாளில் வலை போடுவது என்று எங்கள் குப்பத்தில் முறை உண்டு. அதைப் பாடு என்போம். வருஷத்துக்கு ஒருதரம் ஊர் கூடும். தலைவர் ஒவ்வொருத்தர் பேரையும் மூன்று முறை கூப்பிடுவார். ஆள் தன் வாயால் "வரேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பாடு போச்சு. பொம்பளைங்க அங்கே வாய் திறக்கக் கூடாது. எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை. அவர் படகில் சும்மா உட்கார்ந்தால் போதும், வலையை அவர் தம்பி மாணிக்கம் இழுத்துக்கொள்வான். அந்தச் சொல் வந்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

நானே டீச்சர் ஆனேன். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "யோவ், வரியா? வரேன்னு சொல்லுய்யா" என்பேன். வாய் கோணும், எச்சில் வழியும், டீ ஆறிப்போகும். ஆத்திரத்தில் ஒருநாள் டம்ளரை விட்டெறிந்தேன். அவரும் அழுதார், நானும் அழுதேன். மழை ஓய்ந்த சமயத்தில் ஒரு காலையில், "யோவ், வரியா?" என்றதும், "வ... ரேன்" என்றார். பிறகு கேட்டபோதெல்லாம் சொன்னார். சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று நினைத்தேன்.

கோயில் வாசலில் ஊர் கூடியது. பின்னால் பொம்பளைங்களோடு நின்றேன்.

"ஆதிநாராயணன்!" என்றார் தலைவர்.

இவர் தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆதிநாராயணன்!"

மாணிக்கம் முழங்கையால் இடித்தான். "அண்ணே, உன்னத்தான் கூப்புட்றாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டிய நாளிலிருந்து புருஷன் பேரை நான் வாயால் சொன்னதே இல்லை. பாடம் நடத்தும்போதும் சொல்லவில்லை. நான் யோவ் என்று கூப்பிட்டால்தான் அவருக்கு அந்தச் சொல் வரும்.

மூன்றாவது முறையும் கூப்பிட்டாகிவிட்டது. ஊராவது, கட்டுப்பாடாவது! "யோவ், வரியா?" என்று கத்தினேன்.

"வரேன்" என்றார் பளிச்சென்று. எழுந்து, காலை இழுத்துக்கொண்டு, கூட்டத்தை விட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

மாணிக்கம் தலைவரிடம் கெஞ்சினான். "அதான் சொல்ட்டாருல்ல, நைனா?"

தலைவர் முகத்தை நிமிர்த்தவில்லை. "ஊருக்கு இன்னா சொன்னாரு? பொண்டாட்டி கஸ்தூரிக்குத்தான சொன்னாரு" என்றார். அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

ஏரிக்கரையோரம் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தேன். பாடத்தைச் சரியாக ஒப்பித்துவிட்ட சந்தோஷத்தில் "வரேன், வரேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். என்னால் தாங்க முடியவில்லை. இனி எதற்கு வெட்கம் என்று நின்று, "ஆதிநாராயணா!" என்று கூப்பிட்டேன்.

வேறு யாரோ வருகிறார்கள் என்று அவர் திரும்பிப் பார்த்தார்.