கரட்டுமேட்டு மின்சிட்டு

"ஒண்ணும் இல்ல, வா போகலாம்..."

"தலைக்கு மேலதான் கத்திகினு கீது, நில்லுங்க..."

"எது கத்துது? காத்துல காஞ்ச காய் உரசுது."

"காயாம் காய். இத்தினி வருசமா உங்க பின்னாடி பையத் தூக்கிகினு அலையறேன், காய் எது குருவி எதுன்னு தெரியாதா எனக்கு?"

"கொஞ்சம் வாயை மூடு தெய்வா. நான் கேக்கணும்."

தெய்வநாயகி வாயை மூடினாள். அவள் கணவர் ஜெகதீசன் கண்ணை மூடினார். அவர் பறவை பார்க்கிற விதமே அதுதான். முதலில் காது, பிறகு கண், கடைசியில்தான் கழுத்தில் தொங்கும் கேமரா. கல்பாக்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்று, புதுப்பட்டினத்திலேயே வீடு கட்டிக்கொண்ட மனிதர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மற்றவர்கள் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போவார்கள்; இவர் இந்தக் கரட்டுமேட்டுக்கு வந்துவிடுவார். இங்கே மின்சிட்டு இருக்கிறது என்று முதலில் கண்டு படமெடுத்தவரும் இவர்தான். சாம்பல் தலை, நெஞ்சில் தணல் வைத்தாற்போல ஆரஞ்சு நிறம், கட்டைவிரல் அளவே உடம்பு. உச்சிக்கிளையில் கூட்டமாகத் தாவிக்கொண்டே இருக்கும். தாவும்போதெல்லாம் ஊசிமுனையால் கண்ணாடியைக் கீறுவது போல மெல்லிசாய்ச் சத்தம் போடும்.

அந்தச் சத்தம் மூன்று குளிர்காலமாக அவருக்குக் கேட்கவில்லை. பறவை போய்விட்டது என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

வேறொரு சமயமாக இருந்தால் தெய்வநாயகியும் விட்டிருப்பாள். மறுநாள் தாலுகா ஆபீசில் விசாரணை. மேட்டைக் கல்குவாரிக்குக் குத்தகை விடப் பார்க்கிறார்கள். அடிவாரத்து ஜனங்கள் எதிர்த்து மனுப் போட்டிருந்தார்கள். சுவர் விரிசல் விடும், ஆடு மேய இடமில்லை என்று அவர்கள் சொன்னது எதுவும் எடுபடவில்லை. சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் இல்லாத பறவை இங்கே இருக்கிறதென்று விவரம் தெரிந்தவர் யாராவது வந்து சொன்னால் யோசிக்கலாம் என்றாராம் அதிகாரி. விவரம் தெரிந்தவர் என்றால் அந்தப் பக்கத்தில் ஜெகதீசன் ஒருவர்தான்.

அன்று காலையில் அவர்கள் மேடேறும்போதே, ஆட்டுக்காரி வேண்டா வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கீதுன்னு ஒரு வார்த்த சொல்லு அண்ணாத்த. சொன்னா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?"

"இருந்தா சொல்ல மாட்டேனாம்மா? இல்லாததை எப்படிச் சொல்றது?"

"எங்க வூடு கீதே, அது கண்ணுக்குத் தெரியலயா உனுக்கு?"

அவளைச் சுற்றிக்கொண்டு அவர் மேலே ஏறினார். பொய் என்று ஒன்றை அவர் வாய் பழகியதே இல்லை.

இப்போது கண்ணைத் திறந்து சொன்னார்: "சுத்தமா ஒண்ணுமில்ல."

"உங்க காதுதாங்க."

"என் காதுக்கு இன்னா?"

"கையில கட்டிகினு கீறீங்களே வாட்ச்சு, அது தினம் காலையில கீச்சுகீச்சுனு அடிக்குது. நான்தான் எழுந்து வந்து அமுக்கறேன். தெரியுமா உங்களுக்கு?"

"சதுரங்கப்பட்டினத்து பஸ்சு திரும்பற சத்தம் இங்கேருந்து கேக்குது எனக்கு. வேண்டா முணுமுணுத்துகினே போனாளே, அதுவும் கேட்டுச்சு."

"தடிச்ச சத்தம் கேக்கும். சன்னமா வர்றதுதான் கேக்கல."

ஜெகதீசன் அவளைத் திரும்பிப் பார்த்தார். கணக்கில் தப்பைக் கண்டுபிடித்துவிட்ட பார்வை அது.

"போன வருசம் இதே மரத்தடியில உன்னைக் கேட்டேன். 'ஏதாவது கேக்குதா தெய்வா'ன்னு. நீ இன்னா சொன்ன?"

அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கேக்கலைன்னு சொன்னேன்."

"அதுக்கு முந்தின வருசம்?"

"அப்பவும் அதான் சொன்னேன்."

"அது பொய்யா, இது பொய்யா?"

"அதுதாங்க பொய்."

"எதுக்குச் சொன்ன?"

"உங்க மூஞ்சியப் பாத்துட்டு."

உண்மைதான். முதல் தடவை அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் முகம், டாக்டர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் நோயாளியின் முகமாக இருந்தது. கேட்கிறது என்றால் இவர் காது போய்விட்டது. கேட்கவில்லை என்றால் குருவி போய்விட்டது. குருவி போனால் போகட்டும் என்று அப்போது அவளுக்குத் தோன்றிற்று. அதற்கு அடுத்த வருடமும் அதையே சொல்லும்படி ஆயிற்று.

"வேண்டா வந்து கெஞ்சினா, உனக்கு மனசு கேக்கல. அதுக்காக என்னைச் செவிடனாக்கிப்புட்டியே," என்றார் அவர். கோபம் கூட இல்லை அந்தக் குரலில்.

"அய்யோ, சத்தியமா சொல்றேங்க. அதோ அந்த மொட்டைக் கிளை, நுனியில. சீக்கிரம்."

"எங்க?"

"அங்க, எடது கைப் பக்கம். பறந்துடும்..."

பெரிய லென்ஸைத் தூக்கி, அவள் விரல் காட்டிய திசையில் பேருக்கு ஒரு தடவை அமுக்கினார். வெயில் கண்ணில் அடித்தது. கிளை ஆடியதுதான் தெரிந்தது.

"உன் திருப்திக்கு ஒரு படம். போதுமா?"

மறுநாள் விசாரணையில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். முன்னே இருந்தது என்றார். மூன்று வருடமாக இல்லை என்றார். சமீபத்தில் எடுத்த படம் ஏதாவது உண்டா என்று அதிகாரி கேட்டார். பழைய படம்தான் உண்டு என்றார். நேர்மையாகச் சொன்னதற்கு அதிகாரி நன்றி சொல்லி உட்காரச் சொன்னார். பின் வரிசையில் இருந்த வேண்டா, ஜெகதீசனை விட்டுவிட்டு தெய்வநாயகியையே பார்த்தாள். தெய்வநாயகி பாதி எழுந்தாள். எழுந்து சொல்வதென்றால் அத்தனை பேர் நடுவில் 'இவருக்குக் காது கேட்காது' என்றல்லவா ஆரம்பிக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டாள்.

ஃபிலிம் ரோலை முழுசாக எடுத்து முடிக்காமல் கழுவக் கொடுக்கிற வழக்கம் ஜெகதீசனுக்கு இல்லை. அந்த ரோல் கேமராவுக்குள்ளேயே கிடந்தது. மேட்டுக்கு லாரிப் பாதை போட்டார்கள். மரங்களைச் சாய்த்தார்கள். வேண்டா ஆடுகளை விற்றுவிட்டு மகளோடு சிறுசேரிப் பக்கம் கட்டட வேலைக்குப் போனாள். போகிறபோது சொல்லிக்கொள்ள வரவில்லை.

அடுத்த சீசனில் வேடந்தாங்கலுக்குப் போய், கூழைக்கடாவும் நாரையுமாக மிச்ச ஃபிலிமை முடித்தார். செங்கல்பட்டு ஸ்டுடியோவிலிருந்து படங்கள் வந்தன. கூடத்து மேசையில் ஒவ்வொன்றாகப் பரப்பினார். தெய்வநாயகி காபியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இது இன்னா, வெறும் கிளை?"

"பாருங்க."

"எங்க எடுத்தது இது?"

அவள் பூதக்கண்ணாடியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதை எடுத்துக் கண்ணருகே பிடித்தார். படத்தின் இடது மூலையில், மொட்டைக் கிளையின் நுனியில் சாம்பல் தலை, ஆரஞ்சு நெஞ்சு. பக்கத்தில் மங்கலாக இன்னும் இரண்டு. முதல் பறவையின் கழுத்து முன்னே நீண்டிருந்தது. அலகு நன்றாகத் திறந்திருந்தது.

கண்ணாடியை அவர் வெகுநேரம் எடுக்கவில்லை. காபியில் ஆடை படிந்தது.

மேற்கே குவாரியில் வெடி வைத்தார்கள். ஜன்னல் கதவு அதிர்ந்தது.

"இது கேக்குது எனக்கு," என்றார்.

தெய்வநாயகி கலைந்த படங்களைச் சேர்த்து அடுக்கினாள். அந்த ஒன்றை மட்டும் அவர் கையிலிருந்து வாங்க முடியவில்லை. அதைப் பிடித்தபடியே, தலையைத் தூக்காமல் கேட்டார்:

"அன்னிக்கு அது எவ்ளோ நேரம் கத்திச்சு, தெய்வா?"