மூச்சு நிற்கும் நேரம்

முதல் தடவை அது நடந்தபோது சுகுணா கனவென்றுதான் நினைத்தாள். பக்கத்தில் படுத்திருந்த முனிராஜின் குறட்டை பாதியில் அறுந்துபோனது. மின்விசிறி மட்டும் கறகறவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவள் இருட்டில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மூச்சு வரவில்லை. தொடலாமா என்று அவள் கையை நீட்டுவதற்குள், யாரோ கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்து சட்டென்று விட்டதுபோல அவனுக்குப் பெரிதாகத் திணறியது. உடம்பை ஒருமுறை தூக்கிப் போட்டது. உடனே குறட்டை மறுபடியும் ஆரம்பித்தது. முனிராஜ் விழிக்கவேயில்லை.

அதற்கப்புறம் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. விடிவதற்குள் அது பதினோரு தடவை நடந்தது.

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, வயலுக்கு நடுவில் இருந்தது அவர்கள் வீடு. மகள் தருமபுரியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். வீட்டில் இருந்தது முனிராஜ், சுகுணா, முனிராஜின் அம்மா தீர்த்தம்மாள், மூன்று பேர்தான். முனிராஜ் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டினான். வேன் ராத்திரியில் அவர்கள் வாசலிலேயே நிற்கும். காலை ஆறரைக்கு எடுத்தால் இண்டூர் வரைக்கும் உள்ள ஊர்களில் இருபத்திரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எட்டேகாலுக்குள் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட வேண்டும். பதினாலு வருசமாக ஓட்டுகிறான். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று சொல்லிக்கொள்வான்.

நாற்பத்து நாலு வயதில் அவன் கழுத்தும் வயிறும் ஒன்றாகப் பெருத்திருந்தன. போன வருசத்திலிருந்து எந்நேரமும் அசதி, அசதி என்றான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கண் செருகியது. மகளோடு போனில் பேசிக்கொண்டே தூங்கிப்போனான்.

"ராத்திரில உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருதுங்க" என்று சுகுணா மறுநாள் காலையில் சொன்னாள்.

முனிராஜ் சிரித்தான். "மூச்சு நின்னா நான் எப்படி இங்க ஒக்காந்து காப்பி குடிப்பன்?"

தீர்த்தம்மாளும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "அவங்கப்பனும் இப்படித்தான் கொறட்ட வுடுவாரு. ஒழைக்கிற ஒடம்பு அப்படித்தான் தூங்கும். நீ காதுல பஞ்ச வெச்சிக்கிட்டுப் படு."

முனிராஜின் அப்பா எப்படிப் போனார் என்று சுகுணாவுக்குத் தெரியும்; நாற்பத்தொன்பது வயதில், ராத்திரி படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போன புண்ணியவான் என்று ஊரில் இன்னமும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் இப்போது அவள் எழுந்து போய்விடுவாள்.

அசதிக்குக் காரணம் தூக்கம் போதாததுதான் என்று வீட்டில் முடிவாயிற்று. அவனை நன்றாகத் தூங்க வைப்பதற்கு ஆளுக்கொரு வழி சொன்னார்கள். தீர்த்தம்மாள் கசகசாவை அரைத்துப் பாலில் கலந்து கொடுத்தாள். ஜாதிக்காயை உரசிப் போட்டாள். ராத்திரியில் உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்துவிடச் சொன்னாள். வடக்கே இருந்த தலைமாட்டைக் கிழக்கே திருப்பிப் போட்டார்கள். மகள் போனில், "எட்டு மணிக்கு மேல அப்பாகிட்ட போன குடுக்காதம்மா" என்றாள். எல்லாவற்றையும் சுகுணா ஒன்று விடாமல் செய்தாள். முனிராஜும் தலையணையில் தலை வைத்த மறுநிமிடம் தூங்கிப்போனான்.

தூங்கியது நன்றாகத்தான் தூங்கினான். ஆனால் அவன் அசந்து தூங்கத் தூங்க, மூச்சு நிற்கும் நேரம் நீண்டுகொண்டே போனது. சுகுணா மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். முதலில் பதினைந்து எண்ணுவதற்குள் திரும்பியது. மாசி பிறந்தபோது முப்பது ஆயிற்று. முப்பது என்பது எவ்வளவு பெரிய எண்ணிக்கை என்று அந்த இருட்டில்தான் அவளுக்குத் தெரிந்தது. இருபத்தைந்துக்கு மேல் அவளுக்கும் மூச்சு முட்டும். தோளைப் பிடித்து உலுக்குவாள். அவன் புரண்டு படுத்து, "ஏன் சும்மா நோண்டற?" என்று முனகுவான். ஒருநாள் அவளைத் திட்டிவிட்டுக் கூடத்தில் போய்ப் படுத்தான். அவள் சத்தம் போடாமல் எழுந்துபோய், கதவுக்கு இந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து விடிய விடியக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் செல்லி வந்தாள். வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதற்கு முனிராஜோடு போகிறவள் அவள். முனிராஜ் டீசல் போடப் போயிருந்த நேரம் பார்த்து வந்திருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அக்கா, நான் சொன்னன்னு அண்ணனுக்குத் தெரிய வேணாங்க்கா."

"என்ன செல்லி?"

"நேத்து காலையில ஏரிக்கர மேல போறப்ப வண்டி ஓரமா போச்சுங்க்கா. நான் ஏதோ எதுத்தாப்புல வண்டி வருதாட்டம் இருக்குதுன்னு நெனச்சன். பாத்தா ரோட்டுல ஒண்ணுமே இல்ல. அண்ணன் மொகத்தப் பாத்தன். கண்ணு தெறந்துதான் இருந்துச்சு. ஆனா..." செல்லி தன் கையை மூடி மூடித் திறந்தாள். "ஆளு அதுக்குள்ள இல்லைங்க்கா. நான் 'அண்ணா'ன்னு கத்தினதும் வெடுக்குனு ஒடிச்சாரு. சக்கரம் மண்ணுல எறங்கிட்டு ஏறுச்சு. அந்தப் பக்கம் தண்ணி."

"புள்ளைங்க?"

"எல்லாம் உள்ளதாங்க்கா இருந்துச்சுங்க."

அதுவரைக்கும் சுகுணா பயந்ததெல்லாம் முனிராஜுக்காகத்தான். இந்தப் பயம் வேறு மாதிரி இருந்தது. தெருமுனையில் ரெட்டைச் சடையோடு நிற்கும் பிள்ளைகளும், தூக்கக் கலக்கத்தில் அம்மா இடுப்பிலிருந்து இறங்க மாட்டேன் என்று அழும் எல்.கே.ஜி. பிள்ளைகளும் ஒவ்வொருவராக அவள் கண்ணுக்குள் வந்து நின்றார்கள்.

செல்லியின் பேரைச் சொல்லாமல் அன்று ராத்திரி அவனிடம் கேட்டாள். "வண்டி ஓட்டறப்ப கண்ணு சொக்குதாங்க?"

முனிராஜ் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவில்லை. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானா கேக்கறன். ஒருநாள் லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தர்லாங்க."

"ஆஸ்பத்திரின்னு போனா டிரைவருக்கு வியாதின்னு ஊர் பூரா பேசுவாங்க. அப்புறம் எவன் புள்ளைய ஏத்துவான்?" கையைக் கழுவிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தான். கூட வண்டி ஓட்டும் யாரோ கொடுத்ததாம். "இத ஒண்ணு போட்டா விடிய வரைக்கும் அசையாம தூங்கலாமாம். ஒருநாள் முழுசா தூங்குனா எல்லாம் செரியாயிடும்."

"வேணாங்க. என்ன மாத்திரைன்னே தெரியாம..."

அவள் சொல்லி முடிப்பதற்குள் விழுங்கிவிட்டான்.

அன்று குறட்டைகூட வேறு மாதிரி இருந்தது. அடியில், தூரத்தில், மண்ணுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. பன்னிரண்டு மணி வாக்கில் நின்றது. சுகுணா எண்ணினாள். முப்பது. நாற்பது. தோளை உலுக்கினாள். கை துவண்டு கட்டிலுக்கு வெளியே தொங்கியது. ஐம்பது. எழுந்து விளக்கைப் போட்டாள். அவன் உதடு நாவல்பழம் தின்றவன் உதடுபோல இருந்தது.

அவள் கத்தவில்லை. கத்துவதற்கு அவளிடமும் மூச்சில்லை. அவன் மார்பில் ஏறி உட்காராத குறையாக இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அறைந்தாள். செம்புத் தண்ணீரை முகத்தில் கொட்டினாள். பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்த தீர்த்தம்மாள் மகனின் உதட்டைப் பார்த்தாள். வாசல்படியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். சுகுணா அவன் தலைமுடியைப் பிடித்து ஒருக்களித்துத் திருப்பினாள். அப்போதுதான் தொண்டையில் ஏதோ விடுபட்டது. வீடே அதிரும்படி ஒரு மூச்சு உள்ளே போனது. அப்புறம் ஒன்று. இன்னொன்று.

விடியும் வரைக்கும் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, அவன் மல்லாந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தீர்த்தம்மாள் ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள். "அவருக்கும் ஒதடு இப்படித்தான் இருந்துச்சு. குளிருக்குன்னு நெனச்சிட்டோம்."

ஐந்தரைக்கு முனிராஜ் எழுந்தான். தலை சுற்றுகிறது என்றான். நனைந்த தலையணையைப் பார்த்தும் எதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமையும் பள்ளிக்கூடம் இருந்தது. காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஆணியில் தடவினான். சாவி அங்கே இல்லை.

"சாவி எங்க?"

"தர மாட்டன்."

"சுகுணா, வெளயாடாத. நேரமாவுது."

அவன் ஒரு எட்டு முன்னால் வந்தான். சுகுணா பின்கட்டுக்கு ஓடிக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ஒரு கையில் சாவி, ஒரு கையில் போன். கதவு அதிர்ந்தது. கல்யாணமாகி இருபது வருசத்தில் அவன் அவளைக் கைநீட்டி அடித்ததில்லை. இப்போது அடிப்பானோ என்று இருந்தது. அதைவிடவும், கதவைத் திறந்துவிடுவோமோ என்று தன்னை நினைத்துத்தான் அதிகம் பயந்தாள். பள்ளிக்கூடத்து மேனேஜர் வெங்கடாசலத்தின் நம்பர் இரண்டு தடவை தவறிப்போய், மூன்றாவது தடவைதான் கிடைத்தது.

"சார், நான் டிரைவர் முனிராஜ் சம்சாரம் பேசறங்க. இன்னிக்கி வண்டி வராதுங்க."

"ஏம்மா, ஒடம்பு சரியில்லையா?"

காய்ச்சல் என்று சொல்லிவிட்டிருக்கலாம். ஒருநாள் தப்பும். திங்கட்கிழமை திரும்பவும் இருபத்திரண்டு பிள்ளைகள் அந்த ஏரிக்கரை மேல் போவார்கள்.

"அவுரு தூங்கிக்கிட்டே வண்டி ஓட்டறாருங்க சார்" என்றாள். "தூங்கறப்ப அவருக்கு மூச்சு நிக்குது. அது அவுரு தப்பு இல்லைங்க. ஆனா இனிமே அவருகிட்ட புள்ளைங்கள வுடாதீங்க. வேற ஆளு அனுப்புங்க. சாவிய நானே தரன்."

கதவுக்கு வெளியே தட்டும் சத்தம் நின்றுபோயிற்று. அவள் பேசியது முழுவதும் அவனுக்குக் கேட்டிருந்தது. வெளியே வந்தபோது அவன் துணி துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்க்கவில்லை. ஏழு மணிக்கு வேறொரு டிரைவர் வந்து வேனை எடுத்துப்போனபோதும் தலை நிமிரவில்லை.

ஒன்பது நாள் அவன் அவளோடு பேசவில்லை. அவனைத் தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளப்பியது தீர்த்தம்மாள்தான். "நீ வரலன்னா நான் இன்னியோட சோறு தின்ன மாட்டன்" என்று பஸ் ஏறும் வரைக்கும் கையை விடவில்லை. டாக்டரம்மா அவன் கழுத்தை டேப்பால் அளந்தாள். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு அவனை விட்டுவிட்டு சுகுணாவிடம்தான் கேள்விகளைக் கேட்டாள். இத்தனை மாதத்தில், அவள் சொன்னதை ஒருத்தர் எழுதிக்கொண்டே கேட்பது அதுதான் முதல் தடவை. சேலத்துக்கு எழுதிக் கொடுத்தாள். அங்கே ஒரு ராத்திரி தலையிலும் மார்பிலும் வயர்களை ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு நாற்பத்தாறு தடவை மூச்சு தடைபடுகிறதாம். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைத்துவிடுகிறதாம்.

"தூக்க மாத்திர, பிராந்தி ரெண்டும் உங்களுக்கு வெஷம்" என்றார் அங்கிருந்த டாக்டர். "எடையைக் குறைங்க. மல்லாந்து படுக்காதீங்க. தினமும் இந்த மெஷினப் போட்டுக்கிட்டுத் தூங்குங்க."

மூக்கில் மாட்டும் முகமூடியும், அதற்குக் காற்றைத் தள்ளும் ஒரு சின்னப் பெட்டியும் வீட்டுக்கு வந்தன. முதல் ராத்திரி அதை மாட்டிக்கொண்டு படுத்தபோது முனிராஜ் யாரோ வேற்றாள் மாதிரி இருந்தான். குறட்டை இல்லை. திணறல் இல்லை. காற்று மெல்லச் சீறும் சத்தம் மட்டும் ஒரே சீராக இருந்தது. அந்த அமைதி சுகுணாவை இன்னும் பயமுறுத்தியது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அவன் மூக்கருகே விரலைக் கொண்டுபோனாள். மார்பில் கை வைத்துப் பார்த்தாள். மெஷினுக்கு ஏதாவது ஆகுமோ, கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஒயரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளும்.

ஒரு வாரம் போயிருக்கும். நடுராத்திரியில் அவள் கை அவன் மார்பில் இருந்தபோது, அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். முகமூடியைக் கழற்றினான்.

"நீ தூங்கலியா?"

"இல்லைங்க."

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்கு ஒரு கனவு வரும் சுகுணா. கெணத்துல அடி ஆழத்துல கெடப்பன். மேல வட்டமா வெளிச்சம் தெரியும். ஏறி வரணும்னு பாப்பன். கை கால் வராது. ஒரு வருசமா வந்துட்டு இருந்துச்சு. படுக்கறதுக்கே பயந்துட்டு இருந்தன்."

"ஏங்க சொல்லல?"

"சொன்னா வண்டிய வாங்கிருவாங்க." தொண்டையைச் செருமினான். "ஏரிக்கரையில அன்னிக்கி நான் முழிச்சப்ப புள்ளைங்க பாட்டுப் பாடிக்கிட்டு இருந்துச்சுங்க. கையத் தட்டித் தட்டி. அதுங்களுக்கு ஒண்ணுமே தெரியல. மறுநாளும் அதே ரோட்டுல ஏத்திக்கிட்டுப் போனன் பாரு. எப்படிப் போனன்னு இப்ப நெனச்சா ஒடம்பு நடுங்குது. நீ அந்தக் கதவத் தெறந்திருந்தா திங்கக்கெழமையும் போயிருப்பன்."

அவள் அவன் கையை இறுக்கினாள்.

"வெங்கடாசலம் சார் மூணு மாசம் கழிச்சு டாக்டர் சீட்டோட வரச் சொல்லியிருக்காரு" என்றான். "அதுவரைக்கும் ஸ்கூல் கேட்டுல காவலுக்கு நிக்கச் சொன்னாரு. நிக்கறன்னு சொல்லிட்டன். சீட்டு குடுக்கலன்னாலும் செரி. நீ தூங்கு."

முகமூடியை அவனே எடுத்து மாட்டிக்கொண்டு, ஒருக்களித்துப் படுத்தான். சுகுணா சுவர்ப்பக்கம் திரும்பினாள். சீறும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது மட்டும் அவளுக்கு நினைவிருக்கிறது.

கண்ணைத் திறந்தபோது வெயில் கட்டில் கால் வரைக்கும் வந்திருந்தது. பக்கத்தில் படுக்கை காலியாக இருந்தது. மெஷின் அணைந்திருந்தது. அவிழ்ந்த முடியோடு, செருப்புகூடப் போடாமல் பின்கட்டுக்கு ஓடினாள்.

தீர்த்தம்மாள் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாட்டுக்குக் கீழே குத்தவைத்து, பால் பாதி பாத்திரத்திலும் பாதி வேட்டியிலுமாக, பழக்கமில்லாத கையால் முனிராஜ் கறந்துகொண்டிருந்தான். அவள் வந்த வேகத்தைப் பார்த்துத் தீர்த்தம்மாள் பதறினாள்.

"என்ன சுகுணா?"

"ஒண்ணுமில்லைங்கத்த" என்றாள். அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.